அக்காவுக்குச் சொன்ன வசனம்

வணக்கம் ரீச்சர்,

வேதாகமத்தை முதலிலிருந்து வாசித்து வருகிறேன். சின்ன வயதிலிருந்து சபையில் கேட்ட பலதும் அதில் இல்லை. குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்று இல்லை, ஏதேனில் அப்பிள் இல்லை, இயேசுவின் சீஷி மகதலேனா மரியாள் விபசாரி என்று ஓரிடத்திலும் இல்லை. போன மாதம் அத்தான் விபத்தில் தவறிப்போனார். செத்தவீட்டில் போதகர் அக்காவிடம், "தாங்கக்கூடியதுக்கு மேல ஆண்டவர் பாரம் தரமாட்டார்" என்றார். அது 1 கொரிந்தியர் 10:13 என்கிறார்கள், எனக்குச் சந்தேகம். இப்படியானவற்றைப் பட்டியல் போட்டுச் சபைக் கூட்டத்தில் வைக்கப்போகிறேன். வேறு எவை உண்டு?

வாசகன், மானிப்பாய்

அன்புள்ள தம்பி,

அத்தானின் சாவை நாலாவதாக, அப்பிளுக்கும் கீழே எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்தபோது உங்கள்மேல் கோபம்தான் வந்தது. பிறகு, துக்கத்தை நேரே எழுதக் கை வராதவர்கள் இப்படித்தான் மற்றதுகளுக்கு நடுவில் ஒளித்து எழுதுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மற்ற மூன்றும் நீங்கள் சொன்னபடிதான். மத்தேயு காணிக்கைகளைத்தான் மூன்றாகச் சொல்கிறார், ஆட்களை எண்ணவில்லை. ஆதியாகமத்தில் இருப்பது வெறும் கனி. மகதலேனாளுக்கு நடந்தது மட்டும் அநியாயம்: லூக்கா 7இல் வரும் பெயரில்லாத பாவியான பெண்ணையும் இவளையும் 591இல் பாப்பரசர் முதலாம் கிரகோரி ஒரு பிரசங்கத்தில் ஒருத்தியாக்கிவிட்டார், அந்தப் பழி இன்றுவரை போகவில்லை. சரி, அது கிடக்கட்டும்.

அந்த வசனத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அது என் வீட்டுக்கும் வந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு, மழைக்குள், சண்டையால் இடம்பெயர்ந்த வலிகாமத்துச் சனத்தோடு சனமாக நாவற்குழிப் பாலம் கடந்து, கடைசியில் கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் தங்கினோம். டிசம்பரில் என் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. ஆறு வயது. நாலாம் நாள் போய்விட்டான். அடக்கம் முடிந்து வந்த ஒரு போதகர் அம்மாவிடம் இதே வார்த்தையைத்தான் சொன்னார். அதுவரை வாய் திறக்காமல் இருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "அப்ப எனக்குப் பெலன் குறைவா இருந்திருந்தா பிள்ளையை விட்டிருப்பாரோ ஐயா?" என்று கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. அதன்பிறகு பல வருஷம் அம்மா தன்னில்தான் ஏதோ பிழை என்று நினைத்துக்கொண்டு இருந்தார்.

தம்பி, அந்த அதிகாரத்தை ஒருமுறை முழுதாக வாசியுங்கள். கொரிந்து சபைக்கு அந்த நிருபத்தை, அதாவது கடிதத்தை, எழுதிய அப்போஸ்தலர் பவுல் அங்கே செத்தவீட்டைப் பற்றிப் பேசவில்லை. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் விக்கிரகத்துக்கு முன்னால் உண்டு குடித்து ஆடியதை, வேசித்தனம் செய்ததை, முறுமுறுத்ததைச் சொல்லிவிட்டு, பாவத்துக்கு இழுக்கிற சோதனை வந்தால் தப்பிக்கொள்ளும் போக்கையும் தேவன் உண்டாக்குவார் என்கிறார். அடுத்த வசனமே "விக்கிரகாராதனைக்கு விலகியோடுங்கள்" என்பதுதான். பாவத்திலிருந்து ஓடலாம், சாவிலிருந்து எங்கே ஓடுவது? தமிழில் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பள்ளிக்கூடத்தில் எழுதுவதும் சோதனை, ஆசை காட்டி இழுப்பதும் சோதனை, "என்ன சோதனையடா இது" என்று தலையில் கைவைப்பதும் சோதனை. ஆகவே வசனத்தைக் கேட்டவுடனே காது துன்பத்தின் பக்கம் போய்விடுகிறது, போதகர்மாரும் அதைத் திருத்துவதில்லை. திருத்த வேண்டியவர்கள் அவர்கள்தானே? படித்தவர்கள்தானே?

அதே பவுல், அதே கொரிந்து சபைக்கு, இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரத்திலேயே என்ன எழுதுகிறார் பாருங்கள்: ஆசியாவில், அதாவது இன்றைய துருக்கிப் பக்கத்தில், "பிழைப்போமென்கிற நம்பிக்கை அற்றுப்போகத்தக்கதாக, எங்கள் பலத்திற்கு மிஞ்சின அதிக பாரமான வருத்தம் எங்களுக்கு உண்டாயிற்று." பலத்திற்கு மிஞ்சின! ஒளிக்காமல், வெட்கப்படாமல் எழுதியிருக்கிறார். இதை ஏன் ஒருவரும் செத்தவீட்டில் வாசிப்பதில்லை? எனக்கு இது கண்ணில் பட்டது 2004இல், சுனாமியில் கடல் வந்துபோன பிறகு மணற்காட்டில் சனத்துக்கு உதவப் போய்த் திரும்பிய ஒரு இரவில். அம்மாவுக்கு வாசித்தேன். திருப்பி வாசிக்கச் சொன்னார். "பவுலுக்கும் ஏலாமப் போச்சுதோ?" என்று கேட்டுவிட்டு, ஒன்பது வருஷத்துக்குப் பிறகு முதல்தடவையாகத் தம்பியின் பெயரைச் சொல்லி அழுதார்.

பட்டியல் கேட்டீர்கள், நான் தரமாட்டேன். சபைக் கூட்டத்தில் போதகரை மடக்குவது இப்போது உங்கள் வேலையில்லை. பிறகு ஒருநாள் அவரைத் தனியாகக் கண்டு, மரியாதையாக, அந்த இரண்டு நிருபங்களையும் விரித்துக் காட்டுங்கள். முதலில் அக்காவிடம் போங்கள். பிள்ளைகளையும் சொத்தையும் ஒன்றாய் இழந்த யோபுவின் சிநேகிதர்கூட ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், பேசத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது. தன்னால் ஏலாது என்று அக்கா சொன்னால், ஏலும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவவே கேட்டால் பவுல் எழுதியதை வாசித்துக் காட்டுங்கள்.

31ஆம் நாள் செபம் எப்போது என்று எழுதுங்கள். மானிப்பாய் எனக்குத் தூரமில்லை, வருகிறேன்.