"ஐபிஎம் கம்பேட்டிபிள்" கணினி என்றால் என்ன?

ஐபிஎம் நிறுவனத்தின் பிசி என்ற தனிநபர் கணினிக்கு எழுதிய மென்பொருளை அப்படியே ஓட்டக்கூடிய, வேறு நிறுவனம் தயாரித்த கணினிக்குத்தான் இந்தப் பெயர்.

1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசியின் முக்கியப் பாகங்கள் வெளியிலிருந்து வாங்கியவை: இன்டெலின் 8088 சில்லு, மைக்ரோசாஃப்டின் டாஸ் என்ற இயங்குதளம். மற்றவர்களும் அவற்றை வாங்கலாம். கணினியை எழுப்பிவிடும் பயாஸ் என்ற சிறு நிரல் மட்டும் ஐபிஎம்முக்குச் சொந்தம், நகலெடுத்தால் வழக்குதான். காம்பேக் நிறுவனத்தில் ஒரு குழு பயாஸைப் படித்து, அது என்னென்ன செய்கிறது என்பதை மட்டும் குறித்துக் கொடுத்தது. பயாஸைக் கண்ணாலும் பார்க்காத இன்னொரு குழு அதைப் புதிதாக எழுதியது. சட்டையைக் காட்டாமல், அளவை மட்டும் சொல்லித் தைத்து வாங்குவதைப் போல. எவ்வளவு பொறுமையான வேலை! 1983இல் காம்பேக்கின் கணினி கடைக்கு வந்தது. பிறகு பலரும் அதே வழியில் இறங்க, விலைப் போட்டி சூடுபிடித்தது.

ஐபிஎம் பிசிதான் முதல் தனிநபர் கணினி என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஆல்டேர் 8800 1975இலேயே, ஆப்பிள் 2 1977இலேயே வந்துவிட்டன.