பழைய வேர்டுக்கு 2,500 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் 21 வருடமாக ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். போன மழையில் பழைய கம்ப்யூட்டர் போய்விட்டது. அதில் வேர்ட் 2003 இருந்தது. மகன் வாங்கித் தந்த புது லேப்டாப்பில் எடிட், ஃபார்மட், டூல்ஸ் எதையும் காணோம். பிரிண்ட் பிரிவியூவைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கட்சிக்காரர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். பழைய பத்திர மாதிரிகளை பென் டிரைவிலிருந்து திறந்தால் சிலது ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறது. சர்வீஸ் செய்யும் தம்பி, 2,500 ரூபாய்க்குப் பழைய வேர்டையே போட்டுத் தருகிறேன், பழைய ஹார்ட் டிஸ்க்கை நான் எடுத்துக்கொள்கிறேன் என்கிறான். போடச் சொல்லவா? எனக்கு வயதாகிவிட்டதால்தான் பிடிபடவில்லையோ என்றும் இருக்கிறது.

பதில்: வேண்டாம் அம்மா. பணமும் கொடுக்காதீர்கள், ஹார்ட் டிஸ்க்கையும் கொடுக்காதீர்கள். பணம் போனால் 2,500 ரூபாயோடு போகும். அந்த டிஸ்க்கில் 21 வருடத்துக் கிரயப் பத்திரமும் வாடகை ஒப்பந்தமும், ஊராருடைய ஆதார் நகலும் இருக்கிறது. மற்றதை அப்புறம் பேசலாம். இன்றைக்கே டிஸ்க்கைக் கழற்றி வாங்கி பீரோவில் வையுங்கள்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவராகத்தான் இருப்பீர்கள். ஒரு மிஷினில் பழகிய கை அடுத்த மிஷினிலும் கண்ணை மூடிக்கொண்டு ஓடியது, ஏனென்றால் எழுத்துகளின் இடத்தை யாரும் கலைக்கவில்லை. இங்கே இடத்தைக் கலைத்தது வேர்டைச் செய்யும் மைக்ரோசாஃப்ட் கம்பெனி. புதுச்சேரியில் என்னிடம் வரும் இருபத்தைந்து வயதுக்காரர்களும், விண்டோஸ் 11-ல் ரைட் கிளிக் செய்துவிட்டு ‘பேஸ்ட்டைக் காணோம் சார்’ என்று போன் செய்தார்கள். காப்பி, பேஸ்ட் எல்லாம் அங்கே அப்போது பெயரில்லாத சின்னச் சின்னப் படங்களாகியிருந்தன. உங்களுக்கும் அந்தத் தொல்லை வந்தால் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ என்ற வரியை அழுத்துங்கள், பழைய பட்டியல் வந்துவிடும்.

வேர்டில் மெனு மாறியது, வேர்ட் அடங்கிய ஆபீஸ் தொகுப்பின் 2007 பதிப்பில். நீங்கள் 2003-லேயே நின்றுவிட்டதால் இத்தனை வருடத்து மாற்றமும் ஒரே நாளில் தலையில் விழுந்திருக்கிறது. மாற்றியதற்கு அவர்கள் பக்கமும் காரணம் இல்லாமல் இல்லை. விண்டோஸுக்கு வந்த முதல் வேர்டில் டூல்பார் என்ற பட்டன் வரிசை இரண்டே இரண்டு. 2003-ல் அது முப்பதைத் தாண்டியது. கட்டளைகள் 1,500-க்கு மேல். நடுவில் ஆபீஸ் 2000-ல் மெனுவை மடித்து, அதிகம் தொடாததை எல்லாம் ஒளித்து, அடியில் இரட்டை அம்புக்குறி ஒன்றை வைத்தார்கள். ஞாபகம் இருக்கும், அதை அழுத்தி அழுத்தியே விரல் தேய்ந்தது. வேர்டில் இன்ன வசதி சேருங்கள் என்று ஜனங்கள் எழுதிக் கேட்டதில் நிறைய ஏற்கெனவே உள்ளேயே இருந்தவைதான். கண்ணில் படவில்லை, அவ்வளவு. அதனால்தான் மெனுவையும் டூல்பாரையும் எடுத்துவிட்டு, ரிப்பன் என்ற இந்தப் பட்டையை விரித்தார்கள்.

விரித்ததில் எனக்குச் சண்டை இல்லை. பழையதே போதும் என்பவர்களுக்கு ஓரமாக ஒரு சுவிட்ச் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஃபைல் மெனுவைக்கூட எடுத்துவிட்டு, மூலையில் உருண்டையாக ஒரு சின்னத்தை வைத்தார்கள். அது வெறும் அலங்காரம் என்று நினைத்து யாரும் தொடவில்லை. லாஸ்பேட்டையில் அப்போது நான் எடுத்த வகுப்பில் பிரிண்ட் கொடுக்கவே அரை மணி நேரம் ஆனது. 2010 பதிப்பில் ஃபைல் என்ற எழுத்தே திரும்பி வந்தது. மூன்று வருடம் நாம் பட்ட பாட்டுக்கு அதுதான் பதில். நம் ஊர் சான்றிதழ் வகுப்புகளும் லேசுப்பட்டவை இல்லை. ‘மூன்றாவது மெனு, ஐந்தாவது வரி’ என்று இடத்தை மனப்பாடம் செய்ய வைத்து அனுப்புகிறார்கள். இடம் மாறினால் படித்தது போயிற்று.

உங்களுக்கு உபயோகமாக அந்தக் கம்பெனியே எண்ணிச் சொன்ன கணக்கு ஒன்று இருக்கிறது. வேர்ட் 2003-ல் ஆட்கள் உண்மையில் எதை அழுத்துகிறார்கள் என்று, சம்மதம் தந்தவர்களின் கம்ப்யூட்டர்களிலிருந்து கணக்கெடுத்தார்கள். பேஸ்ட், சேவ், காப்பி, அன்டூ, போல்ட், இந்த ஐந்து மட்டுமே ஏறக்குறைய 32 சதவீதம். 1,500 கட்டளையில் ஐந்து! ஆகவே நீங்கள் தொலைத்ததாக நினைப்பது ஒரு கடல் இல்லை. ஜாப் டைப்பிங் கடைக்குப் பன்னிரண்டு பட்டன் இருந்தால் நாள் ஓடிவிடும். அந்தப் பன்னிரண்டையும் நீங்களே ஒரு வரிசையில் வைத்துக்கொள்ளலாம்.

அதற்குப் பெயர் குயிக் ஆக்சஸ் டூல்பார். புதிய பதிப்புகளில் அது ஒளிந்திருக்கும். ரிப்பன் மேல் ரைட் கிளிக் செய்து ‘ஷோ குயிக் ஆக்சஸ் டூல்பார்’ கொடுங்கள். ரிப்பனுக்குக் கீழே வரும்படி வைத்தால் பார்ப்பதற்குப் பழைய டூல்பார் மாதிரியே இருக்கும். பிறகு ரிப்பனில் அடிக்கடி வேண்டிய பட்டன் கண்ணில் படும்போதெல்லாம் அதன் மேல் ரைட் கிளிக், ‘ஆட் டு குயிக் ஆக்சஸ் டூல்பார்’. ஒருமுறை வைத்தால் இடம் மாறாது. ஆல்ட் கீயோடு 1, 2, 3 என்று அழுத்தினாலும் அந்த வரிசைப்படி வேலை செய்யும். டைப்பிஸ்ட் கைக்கு மவுஸைவிட இதுதான் தோது. நீங்கள் தேடிய பிரிண்ட் பிரிவியூ இருக்கிறதே, அதன் பழைய முழுத்திரை வடிவம் இன்றும் உள்ளே இருக்கிறது. டூல்பார் ஓரத்து அம்புக்குறியில் ‘மோர் கமாண்ட்ஸ்’, அங்கே ‘ஆல் கமாண்ட்ஸ்’ பட்டியல், அதில் ‘பிரிண்ட் பிரிவியூ எடிட் மோட்’. அதைச் சேர்த்துவிட்டால் கட்சிக்காரர் எழுந்து போக மாட்டார்.

அடுத்தது, பலருக்குத் தெரியாத சங்கதி. ரிப்பனில் பல கட்டங்களின் வலது கீழ் மூலையில் எறும்பு அளவு ஓர் அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தினால் உங்கள் பழைய பேஜ் செட்டப் பெட்டியும் பாராகிராஃப் பெட்டியும் பெரிய மாற்றமில்லாமல் வந்து நிற்கும். லீகல் சைஸ் தாள் வைக்கவும், முத்திரைத்தாளில் அச்சிட்ட பகுதிக்காக மேலே இடம் விடவும் லேஅவுட் என்ற தலைப்பின் கீழ் இருக்கும் அந்த எறும்பைத்தான் அழுத்த வேண்டும். வீட்டு முகப்பைத்தான் இடித்துக் கட்டினார்கள், உள் அறைகள் அப்படியே இருக்கின்றன. என்றைக்காவது ரிப்பனில் தலைப்புகள் மட்டும் நின்று பட்டன்கள் எல்லாம் மறைந்துபோனால் பதற வேண்டாம். கண்ட்ரோலோடு எஃப்1-ஐக் கை தட்டியிருக்கும், இன்னொரு முறை தட்டினால் திரும்பிவிடும். இதற்கு ஒரு கடையில் 300 ரூபாய் வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு சொல்லியும் மெனுதான் வேண்டும் என்றால், வேர்ட் மாதிரியே வேலை செய்யும் லிப்ரே ஆபீஸ் என்ற மென்பொருளைப் போடுங்கள். காசு கிடையாது, திருட்டும் கிடையாது. திறந்தவுடன் ஃபைல், எடிட், வியூ என்று பழைய வரிசை நிற்கும். அவர்களும் ரிப்பன் மாதிரி ஒன்றைச் செய்தார்கள். 2019-ல் வந்த 6.2 பதிப்பிலிருந்து அது முறையாக இருக்கிறது. ஆனால் யார் மேலும் திணிக்கவில்லை; வியூ மெனுவில் ‘யூசர் இன்டர்ஃபேஸ்’ போய் எது வேண்டுமோ அதை நாமே எடுத்துக்கொள்ளலாம். ஒரு குறை: வக்கீல் ஆபீஸிலிருந்து வேர்டில் அடித்து அனுப்பும் ஃபைலில் பக்கம் பிரியும் இடம் அங்கங்கே நகரும். கோர்ட்டுக்குப் போகிற தாளை வேர்டிலேயே அடியுங்கள்.

இனி அந்தத் தம்பியிடம் வருவோம். அவர் போடப்போகும் வேர்ட் 2003 எங்கிருந்து வருகிறது? காசு கொடுத்து வாங்கிய சிடியிலிருந்து இல்லை. அந்தப் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. இன்றைய ஃபைலை அது நேரடியாகத் திறக்கவும் திறக்காது. போடுவதற்கு முன்னால் ‘ஆன்ட்டிவைரஸை ஒரு நிமிஷம் ஆஃப் பண்ணிக்கிறேம்மா’ என்பார். அந்த வார்த்தை காதில் விழுந்த உடனே லேப்டாப்பை மூடிவிடுங்கள். பூட்டுக்காரன் வேலை செய்ய வாசல்கதவையே கழற்றச் சொன்னால் விடுவோமா? அடுத்த ரகம், ‘லைஃப்டைம் கீ 400 ரூபாய்’. ஏதோ ஒரு கம்பெனிக்கு மொத்தமாகக் கொடுத்த எண்ணைத் துண்டு துண்டாக விற்கிறார்கள். தடை செய்த அன்று லைஃப் முடிந்தது, விற்றவர் நம்பரும் எடுக்காது. மூன்றாவது ரகம்தான் மோசம். கூகுளில் ‘வேர்ட் கஸ்டமர் கேர்’ என்று தேடி வரும் நம்பருக்குப் போன் செய்வது. ஒரு ஆப் போடச் சொல்லி உங்கள் திரையை அங்கிருந்தே பார்ப்பார்கள். மெனு வருமோ வராதோ, பேங்க்கில் இருப்பது போய்விடும். அப்படி ஆகிவிட்டால் நேரத்தைக் கடத்தாமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் செய்யுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கடலூர்க்காரர்கள் இன்னும் ‘பாண்டியில் வாங்கினால் வரி கம்மி’ என்று பஸ் ஏறி வருகிறார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததோடு கம்ப்யூட்டருக்கு அந்தக் கதை முடிந்தது. வரி இல்லாமல் விலை குறைகிறது என்றால் பில் இல்லை என்று அர்த்தம், பில் இல்லையென்றால் வாரண்டியும் இல்லை. உங்கள் மகன் பில் வாங்கியிருக்கிறாரா, பில்லில் ஆபீஸும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் ஒரிஜினலே கையில் இருக்கும்போது 2,500 ரூபாய்க்குத் திருட்டு வேர்ட் எதற்கு?

கடைசியாக அந்த ஆங்கிலக் குப்பை. இதை மெனு மாற்றத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதைக் காட்டித்தான் ‘புது வேர்டில் தமிழ் வராது’ என்று பயமுறுத்துவார்கள். பாமினி, வானவில் மாதிரியான பழைய எழுத்துருக்களில் அடித்தபோது ஃபைலுக்குள் பதிந்தது தமிழ் இல்லை, ஆங்கில எழுத்துதான். எழுத்துரு என்ற கண்ணாடி வழியாகப் பார்த்ததால் தமிழாகத் தெரிந்தது. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தது, கண்ணாடியைக் கழற்றினால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். புது லேப்டாப்பில் அந்தக் கண்ணாடி இல்லை. பழைய டிஸ்க்கில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதில் உங்கள் தமிழ் எழுத்துருக்களைக் காப்பி எடுத்து இங்கே போட்டால் 2003-ல் அடித்ததெல்லாம் புது வேர்டிலும் தமிழாகவே திறக்கும். ஃபைலைத் திறந்து ‘சரி பண்ணுகிறேன்’ என்று எழுத்துருவை மாற்றி மாற்றி சேவ் செய்துவிடாதீர்கள். இரண்டு எழுத்துரு கலந்த ஃபைலைப் பிரித்தெடுப்பது பெரிய வேலை. இனி புதிதாக அடிப்பதை, ஃபைலுக்குள்ளும் தமிழாகவே பதியும் யூனிகோட் முறையில் அடியுங்கள். அதற்கும் டைப்ரைட்டர் விசைப்பலகையே கிடைக்கிறது, விரல் பழக்கம் மாற வேண்டாம்.

டிஸ்க்கில் இன்னொரு பொக்கிஷமும் இருக்கலாம். ‘ஆட்டோடெக்ஸ்ட்’ போட்டு, இரண்டு எழுத்து அடித்து எஃப்3 தட்டினால் பத்திரத்தின் முழுப் பத்தியும் வரும்படி வைத்திருந்தீர்களா? அது ‘நார்மல் டாட்’ என்ற ஒரே ஃபைலில்தான் இருக்கும். ஃபான்ட்ஸ் ஃபோல்டர், நார்மல் டாட், உங்கள் ஃபைல்கள், இந்த மூன்றும் வேண்டும் என்று தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மழையில் போனது பெரும்பாலும் பவர் சப்ளையோ மதர்போர்டோவாக இருக்கும், டிஸ்க் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு. ஈரம் இருந்தால் கரண்ட் கொடுக்க வேண்டாம், நன்றாகக் காயட்டும். யுஎஸ்பி கன்வெர்ட்டர் வைத்திருக்கும் கடையில் உங்கள் லேப்டாப்பிலேயே மாட்டிக் காப்பி எடுக்கச் சொல்லி, முடியும்வரை பக்கத்திலேயே உட்காருங்கள். ‘வைத்துவிட்டுப் போங்கள், சாயங்காலம் தருகிறேன்’ என்றால் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போங்கள்.