பைக் ரேஸ் ஓட்ட கேரள லைசென்ஸ் போதுமா?

கேட்கப்பட்ட கேள்வி: "நாங்கள் பாலக்காடு மாவட்டம் சித்தூர் பக்கம். என் தம்பிக்கு 19 வயது. கியர் வண்டிக்கான கேரள லைசென்ஸ் வைத்திருக்கிறான். கோவை செட்டிபாளையம் டிராக்கில் ரேஸ் ஓட்ட வேண்டும் என்கிறான். இது போதுமா, இல்லை தமிழ்நாட்டில் தனியாக ஏதாவது எடுக்க வேண்டுமா?"

போதாது, தமிழ்நாட்டிலும் எதுவும் எடுக்க வேண்டாம். ஆர்.டி.ஓ. அலுவலகம் கொடுப்பது சாலைக்கு. ரேஸ் லைசென்ஸ் கொடுப்பது எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்னும் தேசியக் கூட்டமைப்பு. இந்தியாவில் மோட்டார் பந்தயங்களை நடத்தும் கிளப்புகளுக்கெல்லாம் தலைமை அமைப்பு அது. 1971-இல் தொடங்கியது, உலக அமைப்பான எஃப்.ஐ.எம்.-இன் உறுப்பினர். அதன் லைசென்ஸ் நாடு முழுவதற்கும் ஒன்றே. நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். எங்கள் பக்கத்துப் பையன்கள் வேலந்தாவளம் வழியாகப் போய் ஓட்டிவிட்டு இரவு வீடு திரும்புகிறார்கள். மாநில எல்லை சோதனைச் சாவடிக்குத்தான், ரேஸுக்கு இல்லை.

இந்த லைசென்ஸை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். வயதுச் சான்று, புகைப்படம், ரத்த வகை, மருத்துவர் கையெழுத்திட்ட உடல்தகுதிப் படிவம் எல்லாம் கேட்பார்கள். வயது 18-க்குக் கீழே என்றால் பெற்றோரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். ரத்த வகையை உத்தேசமாக எழுதாதீர்கள், பரிசோதித்தே எழுதுங்கள். விழுந்தவனிடம் போய் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

முதல் முறை விண்ணப்பிப்பவருக்கு இவற்றையெல்லாம் விட முக்கியமானது அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளியின் சான்றிதழ். "எனக்குத்தான் ஓட்டத் தெரியுமே, பள்ளி எதற்கு?" என்று உங்கள் தம்பியும் கேட்பான், எல்லாரும் கேட்கிறார்கள். பொள்ளாச்சி சாலையில் விடியற்காலையில் 120-இல் போகத் தெரிவது வேறு. பள்ளியில் பார்ப்பது, வளைவில் நாம் ஓட்டிப் போகும் கோடு மாறாமல் இருக்கிறதா, பின்னால் வருபவனுக்கு நாம் என்ன செய்யப் போகிறோம் என்று புரிகிறதா, கொடி காட்டினால் கண்ணில் படுகிறதா என்பதைத்தான். மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. மஞ்சளில் சிவப்புப் பட்டை இருந்தால் தரை வழுக்கும். நீலம் என்றால் வேகமான வண்டி பின்னால் வந்துவிட்டது. கறுப்பில் ஆரஞ்சு வட்டம், கூடவே உங்கள் எண் என்றால் வண்டியில் கோளாறு, உடனே வெளியே வர வேண்டும். சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது, மெதுவாக பிட்டுக்கு, அதாவது டிராக்கை ஒட்டி வண்டிகளைக் கவனிக்கும் இடத்துக்கு, திரும்ப வேண்டும். முழு வேகத்தில் இவற்றைக் கவனிப்பது, எங்கள் ஊர் மேட்டு வளைவில் எதிரே வரும் லாரியைக் கவனிப்பதைப் போல இயல்பாக வராது. பழக்கித்தான் வர வைக்க வேண்டும்.

வேகமாக ஓட்டினால்தான் லைசென்ஸ் கிடைக்கும் என்ற எண்ணம் நம் பக்கத்தில் ஆழமாக இருக்கிறது. உண்மையில் தகுதி விதிகள் கேட்பது ஒன்றுதான்: இவன் களத்தில் இருந்தால் மற்றவர்கள் உயிரோடு வீடு திரும்புவார்களா? பிரிட்டனில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். அங்கே புதியவர்கள் எல்லார் கண்ணிலும் படும்படி ஆரஞ்சு நிற மேலங்கி அணிந்து ஓட வேண்டும். ஒழுங்காக முடித்த பந்தயங்களுக்குக் கையெழுத்து வாங்கிச் சேர்த்தால்தான் அடுத்த நிலை லைசென்ஸ். கடைசியாக வந்தாலும் கையெழுத்து உண்டு. மோதிவிட்டு வெளியேறினால் இல்லை. பிரிட்டனுக்குப் பக்கத்திலுள்ள மான் தீவில் 1907 முதல் நடக்கும் டி.டி. பந்தயம் ஊர்ச் சாலைகளை மூடி ஓட்டப்படுவது. அதன் மலைப்பாதை ஒரு சுற்றே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அங்கே சாதாரண லைசென்ஸ் செல்லாது, அந்தப் பாதைக்கென்றே தனி லைசென்ஸ் வேண்டும்.

இவ்வளவு வேகமாவது வேண்டும் என்ற வரம்பும் உண்டு. ஆனால் அது லைசென்ஸில் இல்லை, அன்றைய தகுதிச் சுற்றில் இருக்கிறது. பைக் ரேஸின் உலகப் போட்டியான மோட்டோஜிபியில் பல ஆண்டுகள் 107 விழுக்காட்டு விதி இருந்தது. வேகமானவர் ஒரு சுற்றை 80 விநாடியில் முடித்தால், மற்றவர்கள் 85.6 விநாடிக்குள் முடித்தாக வேண்டும். நம் ஊர்ப் போட்டிகளில் எவ்வளவு என்பதை அந்தந்தப் போட்டியின் துணை விதித்தாளில் பாருங்கள். நோவிஸ் என்னும் புதியவர்கள் பிரிவில் யார் ஓடலாம், எந்த வண்டி, எந்த டயர் எல்லாம் அதில்தான் இருக்கும். வாட்ஸப்பில் நண்பன் சொன்னதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

வண்டி இல்லையே என்று தயங்க வேண்டாம். ஒரே வகை வண்டிகளை நிறுவனமே தந்து நடத்தும் பந்தயங்கள் உண்டு; டி.வி.எஸ். 1994 முதல் நடத்துகிறது. பல பயிற்சிப் பள்ளிகளில் வண்டியும் தோல் உடையும் வாடகைக்கே கிடைக்கும். சொந்த வண்டியில்தான் ஓடுவேன் என்றால் வேலை அதிகம். கண்ணாடி, விளக்கு, ஸ்டாண்டு எல்லாம் கழற்ற வேண்டும். எண்ணெயை வடிக்கக் கழற்றும் போல்ட்டைக் கம்பி கட்டிப் பூட்ட வேண்டும். ரேடியேட்டரில் கூலண்டு ஊற்றக் கூடாது, வெறும் தண்ணீர்தான். கூலண்டு தரையில் சிந்தினால் பின்னால் வருபவன் வழுக்கி விழுவான். ஹெல்மெட்டில் இரட்டை வளையப் பட்டை இருக்க வேண்டும், சொடுக்கிப் பூட்டும் வகை செல்லாது. இத்தனையும் பரிசோதகர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார்.

வீட்டில் கேட்காத ஒரு கேள்விக்கும் பதில் சொல்கிறேன். வண்டிக்கு நாம் எடுக்கும் சாதாரண இன்சூரன்ஸ் ரேஸ் ஓட்டுவதற்குப் பொருந்தாது. பாலிசித் தாளில் 'பந்தயம், வேகச் சோதனை நீங்கலாக' என்று எழுதியே இருக்கும். போட்டி நடத்துபவர்கள் எடுக்கும் காப்பீட்டில் எவ்வளவு தொகை, எதற்கெல்லாம் உண்டு என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். டிராக் என்றால் ஆபத்து இல்லை என்றும் நினைக்காதீர்கள். 2023 ஆகஸ்டில் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் தேசியப் போட்டியின்போது 13 வயதுச் சிறுவன் விழுந்து இறந்தான். கொடி காட்டி டிராக்கைக் கவனிக்கும் மார்ஷலும் ஆம்புலன்ஸும் பக்கத்தில் இருந்தும்தான்.

அவை எதுவும் இல்லாத சாலையில் பந்தயம் விட்டால், மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவின்படி முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். இதில் கேரளம், தமிழ்நாடு என்ற வேறுபாடு கிடையாது.

இப்போதைக்கு, செட்டிபாளையத்தில் அடுத்த பந்தயம் நடக்கும் ஞாயிறன்று தம்பியை அழைத்துப் போங்கள். முன்கூட்டியே கேட்டால் மார்ஷலுக்கு உதவியாளாக நிற்க இடம் கிடைக்கலாம். 2.1 கிலோமீட்டர்தான் டிராக். ஒரு வளைவில் நாள் முழுக்க நின்றாலே, யார் எங்கே பிரேக் பிடிக்கிறார்கள், யார் எதனால் விழுகிறார்கள் என்று பார்த்துவிடலாம். சாப்பாட்டைக் கையோடு கொண்டு போங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் பள்ளிக்குப் பணம் கட்டலாம்.