பிரான்ஸின் சமவெளிக் கிராமச் சாலைகள் சைக்கிளுக்கு ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கின்றன?

சைக்கிள் பயணிகள் தேடிப் போகும் சாலைகளில் பல, ‘டி’ என்ற எழுத்தும் எண்ணும் கொண்டவை. இவற்றை அந்தந்த மாவட்ட நிர்வாகம் பராமரிக்கிறது. ஓரத்துக் கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் இந்த வகை. சிவப்பு என்றால் தேசியச் சாலை.

அங்கே சுமார் 35,000 ஊராட்சிகள் உள்ளன. அவற்றை இணைக்கும் சாலைகளையும் சேர்த்தால் நாட்டின் மொத்தச் சாலை நீளம் 10 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டும். தொலைதூரக் கார்களும் லாரிகளும் பெரும்பாலும் சுங்கம் கட்டி விரைவுச்சாலையில் போய்விடுகின்றன. பெரிய வீட்டில் விருந்தினர் எல்லாம் தலைவாசல் வழியே வர, கொல்லைக் கதவை வீட்டார் மட்டும் பயன்படுத்துவது போலத்தான். சிறிய சாலையில் உள்ளூர்க்காரர்களும் டிராக்டர்களும் மிஞ்சுகிறார்கள். ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும் வண்டி 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். ஆனால் காலியான சாலையில் கார்கள் மெதுவாகப் போவதில்லை. வளைவுகளில் ஓரத்தை விடாதீர்கள்.

பாரிஸுக்குத் தென்மேற்கே உள்ள போஸ் சமவெளி நல்ல உதாரணம். இருபுறமும் கோதுமை வயல்; சார்த்ர் நகரத் தேவாலயத்தின் கோபுரங்கள் வெகு தொலைவிலிருந்தே தெரியும். என் கணிப்பில் அறுவடைக்கு முந்தைய வாரங்களே சிறந்தவை.

சமதளம் என்றால் சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். மறைப்பே இல்லாத வெளியில் எதிர்க்காற்று ஒரு மேட்டுக்குச் சமம், அதற்குப் பிறகு இறக்கமும் கிடைக்காது.