பூங்காவைப் பார்த்த கண்ணாடி அடுக்குமாடியில் வீடு வாங்கலாமா?

கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: கேரளத்தில் ஒரு நகரப் பூங்காவை ஒட்டி, பெயர் பெற்ற ஆர்க்கிடெக்ட் வடிவமைத்த கண்ணாடிக் கட்டடம், ஒன்பதாவது மாடி, பூங்காவைப் பார்த்த வீட்டுக்குத் தனியாகக் கூடுதல் விலை. கொடுக்கலாமா?

பூங்கா எந்தத் திசையில் இருக்கிறது? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

நான் ஆர்க்கிடெக்டும் இல்லை, இன்ஜினியரும் இல்லை. கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு அலுமினியம், கண்ணாடி வேலை எடுத்துச் செய்கிறவன். தெரியாதவர்களுக்கு: வேலந்தாவளம் தாண்டினால் எங்கள் ஊர். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வீட்டிலும் கடையிலும் தமிழ். கண்ணாடியே கூடாது என்று பேசப்போகிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். என் வீட்டில் உலை கொதிப்பதே கண்ணாடியால்தான்.

நீங்கள் துபாயிலோ பெங்களூரிலோ இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கண்ணாடியில் மரமும் மேகமும் தெரிகிற படம் ஒன்றை அனுப்பியிருப்பார்கள். அது காலையிலோ அந்தி சாயும்போதோ எடுத்ததாக இருக்கும். மத்தியானம் மூன்று மணிக்கு எடுத்த படத்தைக் கேட்டுப் பாருங்கள்.

பாலக்காட்டுக்கு மேற்கே ஒரு நகரம், பெயர் வேண்டாம். இதே போல பூங்கா ஓரத்துக் கட்டடம், பூங்கா மேற்கே. முதலில் வந்த டிராயிங் அருமையானது, பொய் சொல்லக் கூடாது. ஒவ்வொரு மாடியிலும் ஸ்லாப் இரண்டடி வெளியே நீண்டு கண்ணாடிக்கு நிழல் கொடுக்கும். கண்ணாடி ஒற்றை இல்லை, இரட்டை: ஆறு மில்லி, நடுவில் பன்னிரண்டு மில்லி இடைவெளி, மறுபடி ஆறு. வெளிக் கண்ணாடியின் உள்முகத்தில் வெப்பத்தைத் தடுக்கிற பூச்சு. ஹாலில் மேலே கீல் வைத்துத் தள்ளித் திறக்கிற ஜன்னல் இரண்டு.

பாதி வேலையில் கட்டுகிறவருக்குப் பணம் இறுகியது. ஸ்லாப் நீட்டல் போனது, ஹால் ஜன்னல் போனது. இரட்டைக் கண்ணாடி போய், எட்டு மில்லி நீலக் கண்ணாடி ஒற்றையாக வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கண்ணாடியில் வித்தியாசமே தெரியாது. மாற்றிய விலைப்பட்டியலில் கையெழுத்துப் போட்டவன் நான். அப்போது என்னிடம் ஆறு பையன்கள் வேலை செய்தார்கள், வேண்டாம் என்று சொல்லும் நிலைமையில் நான் இல்லை. இதைப் படித்துவிட்டுத் திட்டுகிறவர்கள் திட்டுங்கள்.

வெயில் கண்ணாடி வழியாக உள்ளே வந்துவிடும். உள்ளே இருக்கும் தரையும் சோபாவும் சூடேறி வெளிவிடுகிற வெப்பம் அதே வழியில் திரும்பப் போகாது. கோயில் வாசலில் வெயிலில் நிறுத்திய காருக்குள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். நீலச் சாயம் கொஞ்சம் வெப்பத்தைக் குடிக்கும், அப்புறம் தானே சூடேறி உள்ளே கக்கும்.

குடி வந்த வருடம் ஜூனில் பத்தாம் மாடியில் ஒழுகல் என்று கூப்பிட்டார்கள். தென்மேற்குக் காற்று மழையை நேராக மேற்குச் சுவரில்தான் அடிக்கும். போய்ப் பார்த்தால் ஹால் இருட்டு. கோடையில் கண்ணாடி முழுக்கப் பழைய நாளிதழை மைதாப் பசையால் ஒட்டியிருக்கிறார் அந்த வீட்டுப் பாட்டி. எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக்காரர், என் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. கீழே ஒரு சாண் அளவு மட்டும் ஒட்டாமல் விட்டிருந்தார். பேரன் பூங்காவில் விளையாடுவதைப் பார்க்க.

"கண்ணு, இதுல தொறக்குற மாதிரி ஒரு ஜன்னலு வெச்சுக் குடுப்பியா? காத்தே வரமாட்டேங்குது."

முடியாதுங்கம்மா என்றேன். அது டஃபன் செய்த கண்ணாடி. அறுநூறு டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து எடுப்பது. அதற்கப்புறம் அதை அறுக்கவோ துளை போடவோ முடியாது, மொத்தமும் சில்லுச் சில்லாகக் கொட்டிவிடும். புதிதாகப் பலகை செய்து மாட்டலாம் என்றால், முகப்பு மாறக் கூடாது என்று வாங்கும்போதே கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். "அப்போ ஊட்டுக்குக் காசு குடுத்த எங்களுக்கு ஜன்னலு கெடையாதா?" என்றார். நான் சிலிக்கான் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

ஒழுகல் என் இணைப்பில் இல்லை. ஏசி மாட்ட வந்தவன் சிலிக்கான் இணைப்பைக் குத்திக் குழாய் விட்டிருந்தான். ஆனாலும் என் பில்லில் பிடித்து வைத்த ஐந்து சதவீதம் ஒரு வருடத்தில் வர வேண்டியது, மூன்று வருடம் ஆகியும் வரவில்லை. கேட்கப் போனால் சைட்டில் "பாண்டி வந்துட்டான்" என்பார்கள். கோயம்புத்தூரில் கண்ணாடி எடுக்கப் போனால் "மலையாளத்தானா, கடன் கிடையாது" என்பார்கள். நாங்கள் எந்தக் கவுண்டரில் போய் நிற்பது? சரி, இது உங்கள் கேள்வி இல்லை.

பூங்கா ஓரம் என்பதால் இன்னொன்று. கண்ணாடியில் மரம் தெரிந்தால் பறவைக்கு அதுவும் மரம்தான். ஐப்பசியில் காலையில் வேலைக்குப் போனால் சுவரடியில் ஆறுமணிக்குருவி செத்துக் கிடக்கும். வடக்கே இமயமலை அடிவாரத்திலிருந்து பறந்து வருகிற குருவி. நியூயார்க்கில் 2020-இல் சட்டமே போட்டு, புதுக் கட்டடத்தில் கீழிருந்து 75 அடி வரை பறவைக்குத் தெரிகிற கண்ணாடி கேட்கிறார்கள். இரண்டு அங்குலத்துக்கு ஒரு புள்ளி வெளிமுகத்தில் இருந்தால் போதும். நான் சொன்னபோது சிரித்தார்கள்.

இந்த மாதிரிக் கட்டடத்துக்கெல்லாம் முன்னோடி, சிகாகோவில் ஏரிக்கரையில் மீஸ் வான் டெர் ரோ என்கிற ஆர்க்கிடெக்ட் 1951-இல் முடித்த இரட்டைக் கோபுரம், 26 மாடி. அங்கே குளிர்காலத்தில் தண்ணீர் உறையும், ஜன்னலுக்கு வெயில் வந்தால் கொண்டாட்டம். இங்கே விஷு கழிந்து நாலைந்து நாளில் சூரியன் நம் உச்சந்தலைக்கு மேல் நிற்கும்.

ஆக, விற்கிறவரிடம் கண்ணாடி ஒற்றையா இரட்டையா, பூச்சு உண்டா, ஹாலில் எத்தனை ஜன்னல் திறக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். ஏற்கெனவே ஆள் குடியிருந்தால், ஏப்ரலில் மூன்று மணிக்குப் பூங்காவில் நின்று எத்தனை வீட்டில் திரை மூடியிருக்கிறது என்று எண்ணுங்கள். பூங்கா மேற்கே என்றால் கூடுதல் விலை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கிழக்கு என்றால் பேரம் பேசலாம், சாயங்காலத்துக்குள் அறை ஆறிவிடும். வடக்கு என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். ஆனி ஆடியில் வெயில் கொஞ்சம் வடக்கே சாயும்தான், ஆனால் அப்போது இங்கே மழை.