பிள்ளைகள் சொன்னதற்கு யார் பதில் சொல்வது? சிறுவர் உரிமை பற்றிய கேள்வி பதில்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பிரதேச செயலகங்களில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். பிள்ளைகளுக்கு உரிமைகளைப் புரியவைப்பது, ஊர் விசயங்களில் அவர்களையும் சேர்த்துக்கொள்வது பற்றிக் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

வெல்லாவெளி, ஆசிரியர்: மிஸ், சிறுவர் உரிமைகள் சமவாயத்தைப் பிள்ளைகள் பாடமாக்கி ஒப்புவிக்கிறார்கள். ஆனால் ஒன்றும் விளங்கியதாகத் தெரியவில்லை. எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

சமவாயம் என்பது பிள்ளைகளின் உரிமைகள் பற்றி நாடுகள் ஐ.நா.வில் செய்துகொண்ட ஒப்பந்தம். அதில் 54 உறுப்புரைகள் இருக்கின்றன. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. இதைப் பிள்ளை பாடமாக்கத் தேவையில்லை. ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் கொடுத்து, வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரும் பாதையை வரையச் சொல்லுங்கள். சந்தோசமான இடத்துக்குப் பச்சை, பயமான இடத்துக்குச் சிவப்பு. ஆண்பிள்ளைகள் ஒரு தாளிலும் பெண்பிள்ளைகள் வேறு தாளிலும் வரையட்டும்.

படுவான்கரையில் ஒரு கிராமத்தில் இதைச் செய்தோம். பிள்ளைகள் விளையாட்டு மைதானம்தான் கேட்பார்கள் என்று பெரியவர்கள் எல்லோரும் நினைத்தோம். ஆண்பிள்ளைகளின் தாளில் யானை வரும் பற்றைக்காடும் கட்டு இல்லாத கிணறும் சிவப்பில் இருந்தன. பெண்பிள்ளைகளின் தாளில் அவற்றோடு ஒரு கடை வாசலில் ஆட்கள் உட்காரும் வாங்கும் சிவப்பில் இருந்தது. அந்த வாங்கில் யார் இருக்கிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்று அதுவரை யாருமே அந்தப் பிள்ளைகளிடம் கேட்கவில்லை. நான் அந்த ஊருக்கு இரண்டு வருடம் போய்வந்தவள், நானும் கேட்கவில்லை. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அப்புறம் நான்கு கோரிக்கைகளைப் பிள்ளைகளே தங்கள் கையெழுத்தில் எழுதினார்கள். வாங்கு விசயத்தை மட்டும் கடிதத்தில் எழுதாமல், தாய்மாரும் கிராம உத்தியோகத்தரும் கடைக்காரரோடு நேரில் பேசினோம், வாங்கை எடுத்துவிட்டார். கடிதம் பிரதேச சபைக்குப் போனது. ஒரு மாதத்தில் பதில் வந்தது: பற்றையை வெட்டுகிறோம், கிணற்றுக்குக் கட்டு கட்டுகிறோம், மதகடிக்கு விளக்குப் போட இந்த வருடம் காசு இல்லை, மைதானத்துக்குக் காணி பார்க்க வேண்டும். மைதானமும் கேட்டுத்தான் இருந்தார்கள், நான்காவதாக.

கேட்டதில் பாதி கிடைக்கவில்லை. ஆனாலும் சபையின் முத்திரையோடு தங்கள் பெயருக்கு வந்த கடிதத்தை அந்தப் பிள்ளைகள் மாறி மாறி வாசித்தார்கள். பிள்ளையின் கருத்தைக் கேட்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது 12ஆம் உறுப்புரை. அதை நான் அங்கே வகுப்பெடுத்து விளக்க வேண்டி வரவில்லை.

அக்கரைப்பற்று, ஒரு வாப்பா: உரிமை உரிமை என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளை எங்களை எதிர்த்துப் பேசாதா?

சமவாயத்தின் 29ஆம் உறுப்புரையைப் பாருங்கள். பெற்றோரையும் தன் மொழியையும் பண்பாட்டையும் மதிக்கக் கற்பிப்பது கல்வியின் நோக்கம் என்று அதிலேயே இருக்கிறது. பிள்ளைக்கு வழிகாட்டும் பொறுப்பு பெற்றோருக்கு உண்டு என்று 5ஆம் உறுப்புரை சொல்கிறது. பிள்ளை "ஏன் வாப்பா?" என்று கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள். காரணம் கேட்பது எதிர்ப்பு இல்லை.

காரைதீவு: எங்கள் ஊரில் சிறுவர் கழகம் தொடங்க யாரிடம் போவது?

பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கேளுங்கள். கழகங்களிலிருந்து பிரதேச சிறுவர் சபைக்கும், அங்கிருந்து மாவட்ட, தேசிய சபைகளுக்கும் பிள்ளைகள் தெரிவாவார்கள். தலைவரைப் பிள்ளைகளே தெரிவுசெய்யட்டும், நீங்கள் பெயர் சொல்லவேண்டாம்.

களுவாஞ்சிகுடி, 11ஆம் வகுப்பு மாணவி: எங்கள் வாசிகசாலை பின்னேரம் பூட்டிக் கிடக்கிறது. தகவல் அறியும் சட்டத்தில் நான் கேட்கலாமா? எனக்கு 16 வயது.

கேளு மகள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் "பிரஜை" என்றுதான் சொல்கிறது, வயது எல்லை போடவில்லை. எதற்காகக் கேட்கிறாய் என்று காரணம் சொல்லவும் தேவையில்லை. வாசிகசாலையை நடத்தும் சபையின் தகவல் அலுவலருக்கு எழுது. "ஏன் பூட்டுகிறீர்கள்?" என்று எழுதினால் மழுப்பலான பதில்தான் வரும். "வாசிகசாலை திறந்திருக்க வேண்டிய நேரம் எது, எத்தனை ஊழியர் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள், சென்ற வருடம் புத்தகத்துக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள்" என்று ஒவ்வொன்றாகக் கேள். 14 வேலைநாட்களுக்குள் தருகிறோமா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கிக்கொள். பதில் வந்ததும் எனக்கும் சொல்லு.

செங்கலடி, ஒரு தாய்: பிள்ளைக்கு உரிமை பற்றிச் சொன்னால் வாய்காட்டாதா?

மேலே அக்கரைப்பற்று வாப்பாவுக்குச் சொன்னதுதான் தங்கச்சி.

திருக்கோவில், அபிவிருத்திச் சங்கம்: கட்டடத் திறப்பு விழாவில் 60 பிள்ளைகளைக் கொடியோடு நிறுத்துகிறோம். இதுவும் பங்கேற்புத்தானே?

இல்லை. வெயிலில் இரண்டு மணித்தியாலம் அதிதிக்காகக் காத்து நிற்பதைப் பங்கேற்பு என்று சொல்லாதீர்கள். ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992இல் பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகளாகக் காட்டினார். பிள்ளைகளைப் பயன்படுத்திக்கொள்வது, அலங்காரமாக நிறுத்துவது, பெயருக்குப் பேசவைப்பது ஆகிய கீழ் மூன்றையும் அவர் பங்கேற்பாகவே எண்ணவில்லை. அந்தக் கட்டடம் எதற்குப் பயன்பட வேண்டும் என்று 60 பேரிடமும் கேளுங்கள். மாலை போடப் பிள்ளைகளைக் கூப்பிடாதீர்கள். இதை எத்தனை முறையும் சொல்வேன்.

வாகரை, முன்னாள் பிரதேச சபை உறுப்பினர்: அக்கா, பிள்ளைகளைப் பேசவைக்கப் பிரதேச சபைக்குக் கொண்டுவருவது எனக்குப் பிடிக்கவில்லை. கட்சிக்காரர் பாவிப்பார்கள். யுத்த காலத்தில் இங்கே பிள்ளைகளைக் கூட்டம் என்று கூப்பிட்டு என்ன செய்தார்கள் என்பதை மறந்துவிட்டீர்களா?

மறக்கவில்லை தம்பி. பிள்ளையைப் பிடித்துவிடுவார்கள் என்று தாய்மார் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் ஒளித்துவைத்ததையும், அவசர அவசரமாகக் கல்யாணம் செய்துவைத்ததையும் பார்த்தவள் நான். பிள்ளைகளை ஆயுத மோதலில் சேர்க்கக்கூடாது என்ற நெறிமுறையை இலங்கை 2000இல் ஏற்றது. அதற்குப் பிறகும் இந்த மண்ணில் பிள்ளைகளைக் கொண்டுபோனார்கள். அதனால் "குழு", "கூட்டம்" என்றதும் அம்மம்மாமார் முகம் மாறுவது எனக்கு விளங்குகிறது. அந்தப் பயத்தை யாரும் குறைசொல்லக்கூடாது.

அதனால்தான் பிள்ளைக்குச் சில கேள்விகளைப் பழக்குகிறேன். யார் கூப்பிடுகிறார்கள்? எங்கே? எத்தனை மணிக்கு வீட்டுக்கு விடுவார்கள்? எனக்கு விருப்பமில்லை என்றால் என்ன நடக்கும்? பயத்தில் வாய்மூடிப் பழகிய பிள்ளையைத்தான் சுலபமாகக் கூட்டிப்போகலாம். கூட்டம் பகலில், பெற்றோரின் எழுத்துச் சம்மதத்தோடு, கட்சி நிறமோ பதாகையோ இல்லாமல் நடக்க வேண்டும். பிள்ளை பாதியில் எழுந்து போகவும் முடிய வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் நடத்தாதீர்கள்.

வாகரை: சரி. ஆனால் 18 வயதுக்குக் கீழே வாக்கு இல்லை. வாக்கு இல்லாதவரின் கடிதத்தை எந்த உறுப்பினர் பார்ப்பார்? ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஏறாவூர், 22 வயது: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் சிறுவர் கழகத்தில் இருந்தவள். ஒரு மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். குப்பை, வடிகான், பஸ் எல்லாம் பேசினோம். கைதட்டி, சாப்பாடு தந்து, போட்டோ எடுத்தார்கள். பிறகு யாருமே ஒன்றும் சொல்லவில்லை. இப்போது வாக்கு இருக்கிறது, ஆனால் எந்தக் கூட்டத்துக்கும் போவதில்லை.

மகள், இதை எழுதியதற்கு நன்றி. தம்பி, நீங்கள் சொன்ன ஏமாற்றம் இதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைக் கொடுத்தது பெரியவர்கள். "காசு இல்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தாலும் இந்தப் பிள்ளை இன்னும் கூட்டத்துக்கு வந்துகொண்டிருப்பாள். இன்னொன்று, பஸ் சபையின் வேலையே இல்லை. ஊர் வீதி, தெருவிளக்கு, குப்பை, வாசிகசாலை இவைதான் சபைக்கு. யானை என்றால் வனசீவராசிகள் திணைக்களம், பள்ளிக்கூடம் என்றால் வலயக் கல்வி அலுவலகம். இதை அன்று அந்த மண்டபத்திலேயே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

வாகரை: எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். சபா மண்டபத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுவருவதை இன்னும் ஏற்கவில்லை.

சரி, அப்படியே செய்வோம். உறுப்பினர்கள் ஊருக்குப் போகட்டும். ஆலடியிலோ பள்ளிக்கூடத்திலோ பாயில் இருந்து கேட்கட்டும். பதில் தரும் திகதியை அங்கேயே சொல்லட்டும்.

பொத்துவில்: உரிமை சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் அடங்காமல் போகாதா?

மூன்றாவது முறை. தயவுசெய்து மேலே வாசியுங்கள்.

வாழைச்சேனை: பக்கத்துக் கடையில் 13 வயதுப் பையன் வேலைசெய்கிறான். பள்ளிக்கூடம் போவதில்லை.

இங்கே எழுதிக்கொண்டு இருக்காதீர்கள், 1929க்கு அழையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், இலவசம். 2021 திருத்தத்தின்படி வேலைக்குக் குறைந்த வயது 16. பையனைத் திட்டாதீர்கள், வீட்டில் என்ன கஷ்டம் என்று பாருங்கள்.

கல்முனை: விவாகரத்தில் பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும்?

அது என் துறை இல்லை. சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள்.

ஆரையம்பதி, தொண்டர்: எங்கள் பிள்ளைகள் வரைந்த வரைபடத்தைப் பெயர், வகுப்பு, படத்தோடு முகநூலில் போடலாமா?

வேண்டாம் மனே. சிவப்பு அடித்த இடத்தையும் அதை அடித்த பிள்ளையின் முகத்தையும் சேர்த்து ஊருக்குக் காட்டாதே. அந்த வாங்கில் இருந்தவர்களைப் போன்றவர்களும் முகநூல் பார்ப்பார்கள். வரைபடத்தைப் பெயர் இல்லாமல் சபைக்குக் கொடு. பதில் கடிதம் வந்ததும் அதைப் பிள்ளைகளிடம் கொண்டுபோய்க் கொடு.