மாற்றாந்தந்தையிடம் பேச மறுக்கும் பிள்ளையோடு எப்படிப் பேசுவது?

மனைவியின் 13 வயது மகள் கேட்டதற்கு மட்டும் ‘ம்’, ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுகிறாள், அவளோடு எப்படிப் பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் உங்கள் மீதான வெறுப்பு அன்று. உங்களிடம் ஒட்டிக்கொண்டால் பெற்ற தந்தைக்குத் துரோகம் செய்ததாகிவிடுமோ என்ற உறுத்தலே பல பிள்ளைகளின் வாயைக் கட்டிப்போடுகிறது. ஆகவே, அவள் தந்தையைப் பற்றிய பேச்சு எழும்போது முகம் சுளிக்காமலும் அவரைக் குறைத்துப் பேசாமலும் இருப்பதே உங்கள் முதல் வேலை.

கண்டிப்பதைத் தொடக்கத்தில் தாயிடமே விட்டுவிடுங்கள். ‘கைபேசியை வை’ என்று நீங்கள் சொன்னால் அது அதிகாரமாகப் படும். ‘10 மணிக்கு வைத்துவிட வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறார்’ என்றால் வீட்டு விதியை நினைவூட்டியதாக மட்டும் நிற்கும். எதிரே உட்காரவைத்து ‘மனம் விட்டுப் பேசு’ என்பதைவிட, வண்டியில் போகும்போதோ பாத்திரம் துலக்கும்போதோ, முகத்துக்கு முகம் பார்க்கத் தேவையில்லாத நேரத்தில், பேச்சு எளிதாக வரும். ‘அப்பா’ என்று அழைக்க வற்புறுத்தவே வேண்டாம்.

இதற்கு மாதக் கணக்கு போதாது. இத்தகைய குடும்பங்களை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் பட்ரிசியா பேப்பர்னோ, விரைவாக ஒன்றியவர்களுக்கே ஏறத்தாழ 4 ஆண்டுகள் ஆனதைக் கண்டார். பதின்ம வயதினருக்குச் சிறு குழந்தைகளைவிடக் கூடுதல் காலம் பிடிப்பதும் வழக்கமே.